குரலும் கட்டையும்

ஏழிசைக்கும் பெயர் சூட்டிய பண்டைத் தமிழர், முதலிசையைக் ‘குரல்’ என்று அழைத்தனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் அவ்வரிசையைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் சொல்லிக் கொடுத்தவன் நான். யாழும் குழலும் முழவும் நிறைந்திருந்த நாட்டில் இசையின் முதற்படிக்கு மனிதத் தொண்டையின் பெயர் வாய்த்திருக்கிறதே என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் வியந்து சொல்வேன். அவ்வியப்புக்குப் பின்னால் என் வீட்டுச் செய்தியொன்று உண்டு. அதை எவரிடமும் சொன்னதில்லை. தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, அதையே எழுதுவது எனத் துணிந்தேன்.

எழுதத் தூண்டியவர் ஒரு மாணவர். சில மாதங்களுக்கு முன் என் வீட்டுக்கு வந்தவர், கைப்பேசியில் அமெரிக்க இளைஞர் குழுவொன்றின் பாடலை ஒலிக்கச் செய்தார். முதலில் விசைப்பலகை தனித்து ஒலித்தது. இனிய மெட்டு. பின்னர் ஒரு குரல் எழுந்தது. பாடியவன் நடுவில் அழுதுவிடுவானோ என்று தோன்றியது. “ஐயா, இதனை ஈமோ என்பார்கள். இது ஒரு ஈ.பி.; நான்கே பாட்டு. வீட்டில் என் அத்தா, ‘ஒப்பாரி வைக்கிறாயா?’ என்று கேலி செய்கிறார்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் முகம் சிரிக்கவில்லை.

ஈமோ என்பது உணர்ச்சி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். 1980களின் நடுவில் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், முரட்டு வேகத்தில் பாடிக்கொண்டிருந்த இளைஞருள் சிலர் தம் சொந்த நோவுகளைப் பாடத் தொடங்கினர். அதற்கு வந்த பெயர் இது. 1990களில் அந்நாட்டின் நடுமேற்குப் பகுதிகளில் அது மெல்லிய மெட்டுகளை ஏற்றது. கான்சாஸ் நகரத்துக் ‘கெட் அப் கிட்ஸ்’ என்னும் குழு 1999இல் வெளியிட்ட தொகுப்பில் கித்தார்களோடு விசைப்பலகையும் இடம்பெற்றது. இவற்றையெல்லாம் அம்மாணவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். ஆனால் ‘ஈ.பி.’ என்ற சொல்லை மட்டும் அவர் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அச்சொல்லோடு வளர்ந்தவன் நான்.

அரக்கால் ஆன பழைய இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடல் ஒன்றுதான் அடங்கும். 1948இல் அமெரிக்காவில் நெடுந்தட்டு வந்தது. அடுத்த ஆண்டு 45 சுற்று வேகத்தில் ஏழு அங்குலச் சிறுதட்டு வந்தது. 1952இல் அதே சிறுதட்டில் வரிகளை நெருக்கி, பக்கத்துக்கு இரு பாடல்களாக நான்கு பாடல்களை அடக்கினர். அதுவே ‘எக்ஸ்டென்டட் பிளே’, சுருக்கமாக ஈ.பி. பெயரோ நீட்டித்தது, பொருளோ குறியது. இருபுறமும் கேட்டு முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. இன்று தட்டே இல்லாத காலத்திலும் நான்கைந்து பாடல்களின் தொகுப்புக்கு அப்பெயர் நிலைத்திருக்கிறது.

எங்கள் ஊர் மங்கலம்பேட்டை. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது அது தென்னார்க்காடு மாவட்டம். 1993இல் அம்மாவட்டம் பிரிந்தபின் கடலூரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்தைச் சேர்ந்தது. சிங்கப்பூரில் பல ஆண்டு கடைச் சிப்பந்தியாக இருந்த என் அத்தா, 1974இல் சபர் போதும் என்று ஊர் திரும்பிக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை வைத்தார். வரும்போது கைப்பெட்டி போன்ற இசைத்தட்டுக் கருவியொன்றும், ஏழு அங்குலத் தட்டுகள் ஐந்தாறும் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்று ‘இசைமுரசு’ நாகூர் ஈ.எம். ஹனிபா அவர்களின் ஈ.பி. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அப்பெருமகனாரின் கணீரென்ற குரலைத் தமிழ் முஸ்லிம்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மீலாது மேடையிலும் திராவிட இயக்க மேடையிலும் ஒருங்கே முழங்கிய குரல் அது.

அத்தட்டின் இரண்டாம் பக்கத்து முதற்பாடல் ஓர் இறைஞ்சல். பாடுவதற்கு முன் ஆர்மோனியம் மட்டும் சற்று நேரம் தனியே ஒலிக்கும். பிறகே குரல் வரும். இஷா தொழுகை முடிந்து, கடைக்கணக்கையும் எழுதி முடித்தபின், அத்தா அந்த ஒரு பாடலை ஒரே ஒரு முறை வைப்பார். கேட்டதும் தட்டை உறையிலிட்டு அலமாரியில் வைத்துவிடுவார்.

என் பாட்டனாருக்கு இதில் உடன்பாடில்லை. மார்க்கக் கல்வி உள்ளவர். கருவிகளோடு கூடிய இசை ஆகுமா, ஆகாதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதையும் அறிந்தவர். “பாடட்டும், பைத்துகள் பாடாத வீடா இது? அந்தப் பெட்டி எதற்கு?” என்பார். சினந்ததில்லை. தட்டு சுழலத் தொடங்கியதும் எழுந்து திண்ணைக்குச் சென்றுவிடுவார். பாட்டு முடிந்ததும் உள்ளே வருவார்.

அந்தப் பெட்டியின் கதையும் விந்தையானது. 1840களின் தொடக்கத்தில் பாரிசில் உரிமம் பெற்ற கருவி ஆர்மோனியம். கிறித்தவப் பாதிரிமாரோடும் ஐரோப்பிய வணிகரோடும் நம் நாட்டுக்கு வந்தது. கால்மிதியைக் களைந்து, தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்குமாறு கல்கத்தாவில் அதைத் திருத்தினர். தமிழ் நாடக மேடை அதனைத் தத்தெடுத்துக் கொண்டது. எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலோடு அவர் தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியமும் ஊர் ஊராகச் சென்றது. ஆனால் கற்றோர் அவையில் அதற்கு மதிப்பில்லை. கட்டைக்கு ஒரு பித்தளை நாக்கு, நாக்குக்கு ஒரு சுரம்; ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குக் குதிக்கலாமே தவிர வழுக்கிச் செல்ல இயலாது. எனவே நம் இசையின் உயிரான கமகம் அதில் வாராது. இக்குறையைக் காட்டி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்குத் தடை விதித்திருந்தது. முப்பதாண்டுகளுக்கு மேல் வானொலி நிலையத்துக்கு வெளியே நின்ற அப்பெட்டி, எங்கள் வீட்டில் என் பாட்டனாரிடமும் வரவேற்புப் பெறவில்லை. இருவரும் சொன்ன காரணங்கள்தாம் வேறு.

1978இல் நான் சிதம்பரத்தில் பயின்றுகொண்டிருந்தேன். தமிழிசைக்கென்று இயக்கமே கண்ட அண்ணாமலை நகரின் காற்றில் இசையறிவு கலந்திருந்தது. இசை பயின்ற நண்பர் ஒருவர் அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் எங்கள் இல்லத்துக்கு விருந்தாக வந்தார். நண்பகல் உணவுக்குப் பின், அத்தா கடையிலிருந்த வேளையில், பெருமையோடு அத்தட்டை எடுத்து வைத்தேன். நண்பர் மரியாதையாகக் கேட்டார். பின்பு, “குரல் பெரிய குரல். ஆனால் அந்த ஆர்மோனியம்! கமகமே வராத மரப்பெட்டி. ஒரே அழுகையாகவும் இருக்கிறது” என்றார். அவர் சொன்னதில் தீங்கில்லை. அவர் கற்றதைச் சொன்னார். எனக்குத்தான் முகம் சுருங்கிற்று. எங்கள் வீட்டு இசை இவ்வளவுதானா என்ற வெட்கம். “அத்தாவுக்குப் பிடித்தது, எனக்கு இதெல்லாம் பிடிக்காது” என்று பொய் சொன்னேன். தட்டைக் கழற்றி உறையிலும் இடாமல் மேற்குச் சன்னல் திண்டில் வைத்துவிட்டு நண்பரோடு வெளியே சென்றேன்.

அது கத்திரி வெயில். மாலையில் திரும்பியபோது தட்டு அப்பளம்போல் ஒருபுறம் தூக்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் அறியாமல் உறையிலிட்டு அலமாரியில் வைத்தேன். அன்றிரவு அத்தா அதை எடுத்தார். விளக்கருகே சாய்த்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “வெயில், அத்தா” என்றேன். அது மட்டுமே சொன்னேன். “ம்” என்று சொல்லி உள்ளே வைத்துவிட்டார். அன்று தொடங்கி எங்கள் வீட்டில் இரவுகள் ஓசையின்றிக் கழிந்தன.

ஒரு கிழமை சென்றிருக்கும். கணக்கு எழுதி முடித்து அத்தா விளக்கைத் தணிக்கப் போனார். திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டனார் உள்நோக்கிக் கேட்டார்: “தம்பி, அந்தப் பாட்டு ஏன் வைப்பதில்லை?”

அத்தா திகைத்துப் போனார். நானும்தான். நாள்தோறும் எழுந்து சென்றவர், திண்ணையில் அமர்ந்து நாள்தோறும் கேட்டிருக்கிறார். அத்தா மறுமொழி கூறாமல் வளைந்த தட்டையே எடுத்து வைத்தார். முள் அலைமேல் படகுபோல் ஏறி இறங்கியது. முள் ஏறி இறங்கத் தட்டின் வேகம் மாறுவதுபோலாகிச் சுரமும் நெளிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஆர்மோனியம் மேலே சென்று கீழே இறங்கி ஊசலாடியது. குரலும் உடன் ஆடியது. நான் தலை கவிழ்ந்து நின்றேன். அத்தா மெல்லச் சிரித்தார்.

“பார்த்தாயா தம்பி, இப்போது பெட்டியிலும் கமகம் வந்துவிட்டது. உன் கூட்டாளி கேட்டால் குறை சொல்லமாட்டார்.”

நண்பரின் சொல் அவருக்கு எப்படி எட்டியது என்று நான் கேட்கவில்லை. அடுக்களையில் என் அம்மா இருந்ததை அன்று நான் மறந்திருக்க வேண்டும். நான் கூறிய பொய்யும் எட்டியிருக்கும்.

பாட்டு முடிந்தபின் திண்ணைப் பக்கம் பார்த்தபடி, அத்தா அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். 1972இல் என் பாட்டியார் மௌத்தான செய்தி சிங்கப்பூருக்குக் கடிதமாகப் போய்ச் சேரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அடக்கம் முடிந்து, ஊரார் கலைந்து, வீடு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மகனுக்கோ அன்றுதான் தாய் இறந்தாள். சுற்றிலும் வேலை நடக்கிற கடையில் ஆண்பிள்ளை எங்கே அழுவது? அன்றிரவு பக்கத்துத் தேநீர்க் கடையில் இந்தத் தட்டு சுழன்றது. “அந்தப் பெட்டி தனியாக வாசிக்கும்போது நான் அழுதேன். குரல் வந்தபோது துஆ கேட்டேன்” என்றார். மறுநாளே அத்தட்டை விலைக்கு வாங்கியிருக்கிறார்.

திண்ணையிலிருந்து நெடுநேரம் ஓசை வரவில்லை. பின்னர்ப் பாட்டனார், “அல்லாஹ் அவளைப் பொருந்திக்கொள்ளட்டும்” என்றார். மறுநாளும் அவர் திண்ணைக்கே சென்றார். தம் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் பாட்டு தொடங்கச் சற்றுத் தாமதமானால், “தம்பி, நேரமாகவில்லையா?” என்று ஒரு குரல் வரும்.

இஸ்லாமியத் தமிழிலக்கியம் பயிற்றும்போது முனாஜாத்து என்னும் வகையை விளக்குவோம். இறைவனோடு அந்தரங்கமாக உரையாடுதல் என்பது அவ்வரபுச் சொல்லின் பொருள். 1838இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களில் அத்தகைய உருக்கத்தைக் காண்கிறோம். காப்பியத்தில் சொல்ல முடியாததைச் சிறு பாடல் சொல்லிவிடுகிறது. எந்த மொழியாயினும், மனம் உடைந்தவனுக்கு நெடிய இசை வேண்டுவதில்லை. அழுவதற்குச் சில நிமிடம், தேறுவதற்குச் சில நிமிடம். அதற்குள் தட்டு முடிய வேண்டும். மறுநாள் கடை திறக்க வேண்டுமல்லவா?

ஆர்மோனியத்தால் வளைய முடியாது என்பது உண்மை. ஆனால் தடுமாறுகிற குரலுக்கு, இடம் மாறாமல் ஒலிக்கின்ற ஒரு கட்டை துணையாக நிற்கிறது. குரல் எவ்வளவு விலகிச் சென்றாலும் திரும்பி வருவதற்கு ஓரிடம் இருக்கிறது. இதை என் நண்பருக்கு அன்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அத்தாவிடம், ‘வெயில் அன்று, என் வெட்கம்’ என்று சொல்லவும் துணிவு வரவில்லை. 1991இல் அவர் மறைந்தார். அதுவரை பதின்மூன்று ஆண்டுகள் எனக்கு வாய்ப்பிருந்தது.

தட்டு என்னிடம் இருக்கிறது. சுழற்றக் கருவி இல்லை. அப்பாடலைக் கைப்பேசியில் எவ்விதக் குறையுமின்றி இன்று கேட்கலாம். கேட்கும்போதெல்லாம், ஊசலாட வேண்டிய இடத்தில் ஆர்மோனியம் அசையாமல் நிற்பது எனக்கு ஏதோ குறைவுபோல் படுகிறது.

வந்திருந்த மாணவரிடம் இக்கதையைச் சொன்னேன். “உங்கள் பாட்டை அத்தாவுக்கு ஒருமுறை முழுமையாகப் போட்டுக் காட்டுங்கள். நான்கு பாட்டுத்தானே? அவர் எந்தப் பாட்டுக்கு அழுதார் என்றும் கேளுங்கள்” என்றேன்.

மறு கிழமை அவர் வந்தார். தந்தையார் இரண்டு பாட்டு கேட்டாராம். மூன்றாவதில் எழுந்து வாசலுக்குச் சென்றுவிட்டாராம்.

“வாசலுக்குத்தானே? கதவு திறந்திருந்ததா?” என்று கேட்டேன்.

“திறந்திருந்தது, ஐயா.”

“அப்படியானால் நான்காவதையும் வைத்திருக்கலாமே” என்றேன்.