இரவு ஒன்பதேகால் மணிச் செய்தி



சுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் படியிறங்கும்போதே கைகள் சட்டைப்பையைத் துழாவுவதைப் பரவையில் இப்போது அன்றாடம் காண்கிறோம். செருப்பை மாட்டுவதற்குமுன் செல்பேசி திறக்கப்பட்டுவிடுகிறது. திண்டுக்கல் சாலையில் காய்கறிச் சந்தைக்கு வந்த லாரிகள் இன்னும் சரக்கை இறக்கி முடித்திரா. அதற்குள் காசாவிலும் தெஹ்ரானிலும் உக்ரைனிலும் இரவெல்லாம் என்ன நடந்தது என்பது குறித்து மூன்று நான்கு குழுக்களிலிருந்து வந்த செய்திகள் அங்கே பேசப்பட்டுக்கொண்டிருக்கும். தக்காளி என்ன விலை போயிற்று என்பதை மட்டும் சந்தைக்குள் சென்றுவந்தவரிடம் கேட்டே தெரிந்துகொள்கிறார்கள். அந்தச் செய்தியில் பிழை இருந்தால் கைப்பணம் போய்விடும் அல்லவா!

உலகச் செய்திகளில் ஈடுபாடு நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. 'தினத்தந்தி' நாளிதழை 1942-இல் சி.பா. ஆதித்தனார் தொடங்கியது நம் மதுரையில்தான். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரியவேண்டும் என்று எளிய நடையில் எழுதப்பட்ட அந்த ஏடு தேநீர்க் கடைகளின் பெஞ்சுகளில் வளர்ந்தது. ஒருவர் உரக்கப் படிப்பார். எட்டுப் பேர் கேட்பார்கள். படிப்பவர் எதையாவது கூட்டிச் சொன்னால் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் தாளை வாங்கிப் பார்த்துவிடுவார். இன்று அதே பெஞ்சில் எட்டுப் பேரும் எட்டுத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்தவர் திரையை வாங்கிப் பார்ப்பது நாகரிகமாகாது.

எங்கள் வீட்டில் உலகம் நுழைந்தது வானொலி வழியாக. காலையில் தில்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமியின் குரல், இரவு 9.15-க்கு லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை. 1941-இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நிறுத்தப்பட்டபோது, சிற்றலையை யார் இப்போது கேட்கிறார்கள் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும், இஷாத் தொழுதுவிட்டு வந்து, பிலிப்ஸ் பெட்டியின் முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, கரகரப்புக்கு நடுவே அந்தக் குரலைப் பிடித்த தலைமுறைக்கு அது ஒரு வானொலி நிலையம் மூடப்பட்ட செய்தி மட்டுமாக இருக்கவில்லை.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக்கின் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. எங்கள் அண்ணன் அப்போது அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தொலைபேசித் தொடர்பு அறுந்துவிட்டது. கடிதம் வர வழியில்லை. அங்கே சிக்கிக்கொண்ட ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களில் அவரும் ஒருவர் என்பதற்குமேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. அத்தா பகலெல்லாம் பேசாமல் இருப்பார். இரவு 9.15-க்கு மட்டும் தெருவில் நான்கைந்து பேர் எங்கள் திண்ணையில் கூடிவிடுவார்கள். அவர்கள் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போயிருந்தார்கள். அரைமணி நேரம் செய்தி. அதன்பின் மறுநாள் வரை உலகம் எங்களை ஒன்றும் செய்யாது. கவலை இருந்தது, ஆனால் கவலைக்கு ஒரு நேரம் இருந்தது. அம்மா அடுப்பைப் பற்றவைத்தார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார், ஐவேளை தொழுதார்.

அந்நாள்களில் செய்தி வாசிப்பவர்கள் சில தகவல்களைச் சொல்லிவிட்டு, இது உறுதிசெய்யப்படவில்லை என்று சேர்த்துச் சொல்வதுண்டு. திண்ணையில் இருந்த ஒருவருக்கு அது எரிச்சலூட்டியது. லண்டனில் உட்கார்ந்துகொண்டு இதுகூடத் தெரியாதா என்றார். உள்ளே கதவருகில் நின்றிருந்த அம்மா சொன்னார்: "தெரியலங்கிறத தெரியலன்னு சொல்றான் பாருங்கண்ணே, அவன் சொல்றத நம்பலாம்." பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர் அவர்.

ஈராக் வழியாக ஜோர்டானுக்கு வந்துசேர்ந்தவர்களை அம்மான் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் ஏற்றிவந்தன: 59 நாள்கள், 488 பறப்புகள். அண்ணன் செப்டம்பரில் பம்பாயில் இறங்கி, எங்கள் தெருமுனைக் கடையின் தொலைபேசிக்கு அழைத்தார். கடைக்காரர் ஓடிவந்து சொன்னபோது அம்மா முதலில் கேட்டது, "நீங்களே பேசுனீங்களா?" என்பதுதான்.

இனி, 2025 ஜூன் 23. அக்காள் மகன் தோஹாவில் இருக்கிறான். அன்றிரவு நம் நேரம் பத்து மணியளவில், கத்தாரிலுள்ள அல் உதைத் அமெரிக்கத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளைச் செலுத்தியது. கால்மணி நேரத்தில் எங்கள் உறவினர் குழுவில் தோஹா எரிந்துகொண்டிருந்தது. உயர்ந்த கட்டடங்கள் சரிந்தன. வானம் முழுதும் தீக்கோடுகள் பாய்ந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டதாக ஒரு குரல்பதிவு விம்மியது. அக்காள் மகனோ அழைப்பை எடுக்கவில்லை. அக்காள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். 1990-இல் நாற்பது நாள் செய்தியின்றி இருந்தபோதும் எங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி ஆனதில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவனிடமிருந்து பதில் வந்தது: "ரூம்லதான் இருக்கேன் மாமு. சத்தம் கேட்டுச்சு. இப்ப ஒண்ணுமில்ல, அம்மாகிட்ட சொல்லிருங்க." ஏவுகணைகளில் பெரும்பாலானவை வானிலேயே தடுக்கப்பட்டன என்றும் உயிரிழப்பு இல்லை என்றும் கத்தார் அரசு அறிவித்தது. சில மணி நேரத்தில் வான்வழியும் திறக்கப்பட்டது. குழுவில் வந்த தீக்கோட்டுக் காட்சியைப் பார்த்த எங்கள் கல்லூரி மாணவன், அது 'ஆர்மா 3' என்னும் கணினி விளையாட்டு என்று அடையாளம் சொன்னான். அந்த விளையாட்டின் காட்சிகளை மெய்யான போர்க்காட்சிகளாகப் பரப்புகிறார்கள் என்று அதைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனமே 2022-இல் அறிக்கை விட்டு எச்சரித்திருக்கிறது. குழுவில் அதைப் போட்டவர் நல்ல மனிதர், தர்மவான், தஹஜ்ஜுத் தொழுபவர். "வந்துச்சு, அனுப்புனேன்" என்றார்; அத்தோடு அவருக்கு அது முடிந்தது.

வதந்திக்கு வளைகுடா வரை போகவேண்டியதில்லை. நம் ஊரின் பெயரைத் திரைப்படம் பார்க்கும் தமிழர் அனைவருக்கும் கொண்டுசேர்த்த நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா, நோயுற்று மருத்துவமனையில் இருந்த நாளில் இறந்துவிட்டதாகச் செய்தி பரவி, அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. ஒருவர் தம் மரணச் செய்தியைத் தாமே கேட்கும் அவலம்! மெய்யாகவே அவர் காலமானது 2020 மார்ச் 29 அன்று.

அந்த வாரத்தை நாம் வேறொரு காரணத்துக்காகவும் மறக்க இயலாது. ஊரடங்கு தொடங்கியிருந்தது, கொரோனாவால் தமிழகத்தின் முதல் உயிரிழப்பு மார்ச் 25 அன்று மதுரையில் நிகழ்ந்திருந்தது. மாத இறுதியில் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸ் செய்தி வெளிவந்ததும், ஒரு நோயின் பழி முழுவதும் ஒரு சமுதாயத்தின் தலையில் ஏற்றப்பட்டது. உணவு வீணாகலாகாது என்று தாவூதி போரா சமூகத்தார் தட்டுகளை வழித்து நக்கி உண்ணும் பழைய காணொளி ஒன்று, நோயைப் பரப்புவதற்கான சதி என்ற விளக்கத்தோடு நாடெங்கும் சுற்றியது. முஸ்லிம் வியாபாரிகளிடம் காய் வாங்காதீர் என்றார்கள். காய்கறிச் சந்தையை ஒட்டி வாழும் நமக்கு அந்தச் சொல் எங்கே தைத்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தார் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கிறார்கள் என்றும், ஊடகங்களில் பெரும் பரப்புரை நடந்தது என்றும் எழுதியது. அந்தத் தீர்ப்பு எத்தனை குழுக்களில் பகிரப்பட்டது என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

2018-இல் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடி வந்த ஒரு மூதாட்டி, பிள்ளைபிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் அடித்தே கொல்லப்பட்டார். அந்த ஆண்டு இந்தியாவில் நிகழ்ந்த இத்தகைய கொலைகளுக்குப் பின்னரே, ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்குமேல் முன்னனுப்ப இயலாதவாறு வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. பலகைகள் தாண்டிவந்த செய்தியின் தலையில் இப்போது இரட்டை அம்புக்குறி தெரியும்.

அந்த அம்புக்குறியைக் காணும்போதெல்லாம் ஹதீஸ் கலை அறிஞர்கள் நினைவுக்கு வருகிறார்கள். இவர் இன்னாரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று ஒவ்வொரு கண்ணியின் பெயரையும், ஊரையும், நினைவாற்றலையும், நேர்மையையும் விசாரித்து எழுதிவைத்தவர்கள் அவர்கள். இடையில் ஒரு பெயர் விடுபட்டிருந்தால் அந்த அறிவிப்பு பலவீனமானது. இரட்டை அம்பு என்பதோ, பெயர்கள் அத்தனையும் விடுபட்ட ஒரு சங்கிலி. செய்தி கொண்டுவருபவனைத் தீர விசாரிக்கச் சொல்லும் சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனத்தை ஜும்ஆ பயான்களில் நாம் கேட்காத ஆண்டில்லை. அந்த வசனம் விசாரிக்காததன் விளைவையும் சொல்கிறது: அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும். 2020-இல் அந்தக் 'கூட்டத்தார்' நாமாக இருந்தோம்.

இதை வீட்டில் பேசியபோது எங்கள் கல்லூரி மாணவன் ஒப்பவில்லை. அவன் வாதம் இது: "காசாவில் நடப்பதை எந்தத் தொலைக்காட்சி முழுமையாகக் காட்டியது? மக்கள் தம் செல்பேசியில் எடுத்து அனுப்பியதால்தானே உலகம் பார்த்தது? விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்று எல்லாரும் காத்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?" அவன் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. 2023 அக்டோபரில் அல் ஜஸீராவின் வாயில் அத்தஹ்தூஹ், பணியில் இருந்தபோதே தம் மனைவியும் மகனும் மகளும் கொல்லப்பட்ட செய்தியைக் கேட்டார். பின்னும் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு நின்றார். அனஸ் அஷ்ஷரீஃப் 2025 ஆகஸ்ட் 10 அன்று காசா நகரின் அஷ்ஷிஃபா மருத்துவமனை அருகே செய்தியாளர் கூடாரத்தில் சக ஊழியர்களுடன் கொல்லப்பட்டார். அவர்கள் அனுப்பிய காட்சிகளைப் பகிர்வதில் தவறென்ன இருக்கமுடியும்?

தவறு அங்கே இல்லை. அவர்கள் உயிரைக் கொடுத்து எடுத்த ஒரு நிமிடக் காட்சிக்குப் பக்கத்தில், கணினி விளையாட்டையும் வேறொரு நாட்டின் பழைய படத்தையும் வைத்துவிடுகிறார்கள்; சிக்கல் அங்கேதான். ஒரு போலிப் படம் பிடிபட்டதும், பார்த்தீர்களா, எல்லாமே நாடகம் என்று சொல்வதற்குக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வாய்ப்பைத் தருபவர்கள் பெரும்பாலும் கண்ணீரோடு பகிர்ந்த நம்மவர்களே என்பதுதான் வேதனை. மகன் இதை யோசிப்பதாகச் சொன்னான். முழுவதும் ஏற்றுக்கொண்டான் என்று சொல்வதற்கில்லை. நமக்கும் அவன் கேள்விக்கு முழு விடை கிடைக்கவில்லை.

இப்போதைக்கு வீட்டில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் உலகச் செய்திகளுக்கு. யார் எதைப் பார்த்திருந்தாலும் அப்போது சொல்லலாம். எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பிணங்களின் படங்களைக் காட்டுவதில்லை. சிறுவர்கள் முன்னிலையில் காணொளி கிடையாது, கதையாகச் சொல்வோம். எல்லா நாளும் இது நடக்கிறதா என்றால், இல்லை. கிரிக்கெட் ஆட்டம் இருக்கும் இரவுகளில் காசாவும் இல்லை, உக்ரைனும் இல்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. கண் பார்வை மங்கல். பேரன்தான் அவருக்குச் செய்தி வாசிப்பவன். காசாவில் இன்று இத்தனை பிள்ளைகள் என்று அவன் தொடங்கியதும், "எந்த ஊர்ல? யாரு எண்ணுனது?" என்று கேட்பார். அவன் செல்பேசியில் தேடத் தொடங்குவான். அவன் தேடி எடுப்பதற்குள் அம்மாவின் இரு கைகளும் துஆவுக்கு உயர்ந்திருக்கும்.