கோலுக்குப் பின்னால்

பச்சை நிற அட்டை. அதில் என் பாஸ்போர்ட் அளவுப் படம், பெயர், 'ஊடகம்' என்ற சொல், 7 என்ற எண். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு நாடா. 2019 மே மாதம் தூத்தூர்க் கரையில், சர்ச்சை ஒட்டிய மைதானமொன்றில் நடந்த 15 வயதுக்குட்பட்டோர் கால்பந்துப் போட்டியைப் படமெடுக்க எனக்குத் தரப்பட்ட அனுமதி அது. பத்து வருஷங்களாகக் காமிரா வைத்திருக்கிறேன். அதுவரை படமெடுக்க யாரும் என்னை அனுமதித்ததில்லை, யாரும் தடுத்ததுமில்லை.

ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர் எனக்கு நண்பர். அவர்களுடைய புகைப்படக்காரர் தேர்தல் வேலையில் இருந்தார். 23ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. "இரண்டு அரையிறுதி, ஒரு ஃபைனல். நீ போயேன்" என்றார். வங்கி ஊழியன் வெளியே சம்பளத்துக்கு வேலை செய்யக்கூடாது என்பதால் பணம் கிடையாது. படத்துக்குக் கீழே பெயர் வரும். பெயர் வரும் என்பதற்காக மனிதன் என்னவெல்லாம் செய்யக்கூடியவன் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1952இல் வெளியிட்ட புத்தகத்தை நாம் அதன் ஆங்கிலத் தலைப்பால்தான் அறிவோம்: தீர்மானமான கணம். காமிராவைத் தொட்ட ஒவ்வொருவனும் ஒருமுறையாவது இந்தச் சொற்றொடரை உச்சரித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறான். ஆனால் பிரெஞ்சுத் தலைப்பு வேறு. அவசர அவசரமாக, கள்ளத்தனமாக எடுத்த படங்கள் என்பதற்கு அருகில் வருவது அது. உரிமம் இல்லாமல் தெருவோரம் துணி விரித்து விற்பவனின் வியாபாரத்துக்கு பிரெஞ்சுக்காரர்கள் வழங்கும் சொல்லும் அதுவேதான். போலீஸ்காரன் தலை தெரிந்ததும் துணியோடு சுருட்டிக்கொண்டு ஓடுகிறவன். அட்டை கழுத்தில் ஏறிய அன்று நான் அந்த வகையிலிருந்து விலகிவிட்டேன். கடை போட இடம் கிடைத்துவிட்டது. இனி ஓட வேண்டாம். எங்கே உட்கார வேண்டும் என்பதை மட்டும் தீர்மானித்தால் போதும்.

கால்பந்துப் புகைப்படக்காரனுக்கு அது ஒன்றே பெரிய தீர்மானம். கோல் கோட்டுக்குப் பின்னால், கம்பத்துக்கும் கார்னர் கொடிக்கும் நடுவில் முக்காலி போட்டு உட்காருகிறான். என் கையில் இருந்தது இரவல் வாங்கிய 70-200 லென்ஸ். அது அருகிலுள்ள பெனால்டிப் பகுதியை நிறைவாகப் பிடிக்கும். நடுக்கோடு வரை சமாளிக்கும். அதற்கப்பால் பையன்கள் எறும்புகள். ஷட்டரை விநாடியில் 1000இல் ஒரு பங்குக்கு வைத்துக்கொண்டு, விநாடிக்கு 6 படம் என்று சுட்டுத் தள்ளலாம். ஆனால் எல்லாம் ஒரு பாதியில்தான். ஒரு கோலைத் தேர்ந்தெடுக்கும்போதே இன்னொரு கோலைக் கைவிட்டாகிவிடுகிறது. காலரியில் நிற்கிற பையன் முழு ஆட்டத்தையும் பார்க்கிறான். அட்டை உள்ளவன் பாதியைத்தான் பார்க்கிறான், நெருக்கத்தில். ஆட்டத்தின் நடுவே இடம் மாறக்கூடாது, ஃபிளாஷ் கூடாது என்பவை போட்டிக் கமிட்டியின் விதிகள். இடைவேளையில் மாறிக்கொள்ளலாம்.

நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை எட்டுக் கடற்கரைக் கிராமங்கள், ஒன்றின் வாசலில் இன்னொன்றின் கொல்லை என்று நெருக்கியடித்துக் கிடப்பவை. ஆண்கள் தங்குகடல் மீன்பிடிப்புக்குப் போகிறவர்கள். போனால் திரும்பப் பல நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். ஊரில் மிஞ்சும் பையன்களுக்கு மணலும் பந்தும். மணலில் ஓடிப் பழகிய கால் புல்தரையில் பறக்கும் என்று அங்கே சொல்வார்கள். இந்திய கிளப்புகளில் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். அந்த மைதானத்தில் அவர் பெயரைச் சொன்னால் எல்லாத் தலைகளும் திரும்பும்.

இந்தக் கரையை நான் அறிந்தது காமிரா வழியாக அல்ல, கவுண்டர் வழியாக. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. போனவர்களில் பலர் வரவில்லை, உடலும் வரவில்லை. ஏழு வருஷம் தகவல் இல்லாதவனைத்தான் இறந்தவனாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் கணக்கு. அதைத் தளர்த்தி, தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. 2018இல் அந்தப் பெண்கள் என் கவுண்டருக்கு வந்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஆதார், ரேஷன் அட்டை, மீனவர் அடையாள அட்டை, அதிலிருந்து பெரிதாக்கிய படம். அந்த முகங்களையே சாலையோர ஃபிளெக்ஸ் பலகைகளிலும் வரிசையாகப் பார்த்துக்கொண்டுதான் தினமும் பஸ்ஸில் போவேன். அரசாங்கம் அட்டைக்காக எடுத்த படம், எடுக்கப்பட்டபோது யாரும் பொருட்படுத்தாத படம், மனிதனின் ஒரே மிச்சமாகிவிட்டிருந்தது. புகைப்படத்தைப் பற்றி சூசன் சொன்டாகும் ரோலான் பார்த்தும் எழுதியதைப் படித்திருந்தேன். படிவத்தில் பசை தடவி ஒட்டும்போது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அப்படி ஒரு பெண்ணுடன் வந்த பையனை இறுதி ஆட்டத்தின் தொடக்கத்தில் அடையாளம் கண்டுகொண்டேன். நீலச் சட்டை, எண் 4, ஸ்டாப்பர். கவுண்டரில் அவன் தலை மரப்பலகைக்கு மேல் பாதிதான் தெரிந்தது. ஒன்றரை வருஷத்தில் வளர்ந்திருந்தான்.

இங்கே நான் செய்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். இடைவேளையில் நிருபரிடம் சொன்னேன்: "அந்த நாலாம் நம்பரைப் பார்த்தீர்களா? ஒக்கியில் அவன் அப்பா போய்விட்டார்." கவுண்டரில் கண்டதைக் கவுண்டரோடு விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளும் ஆசை, அவ்வளவுதான். நிருபரின் முகம் மாறியதைப் பார்த்தேன். "அதுதான் நியூஸ்" என்றார். "அவன் முகம் வேண்டும். இங்கேயே இரு."

முதல் பாதியில் நீலச் சட்டைக்காரர்கள் என்னை நோக்கித் தாக்கி வந்தார்கள், கோல் விழவில்லை. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறி, அவர்கள் காக்க வேண்டிய கோல் எனக்கு முன்னால் வந்துவிட்டது. மற்ற இரண்டு புகைப்படக்காரர்களும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டாப்பர் தன் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஆடுவான். ஆக, அரை மணி நேர ஆட்டத்தில் நான் அதிகமும் பார்த்தது 4 என்ற எண்ணைத்தான். அவர்களுடைய தண்ணீர் பாட்டில் கம்பத்தின் அடியில் இருந்தது. ஆட்டம் நின்ற சமயத்தில் ஒருமுறை அவன் அதை எடுக்க வந்தான். குனிந்து, முழங்கையால் கண்ணைத் தேய்த்து, நிமிர்ந்தான். கடல் பக்கமிருந்து சாய்ந்து வந்த வெயில் அவன் கன்னத்து ஈரத்தில் பட்டது. ஒன்பது படம் எடுத்தேன். காமிராவின் பின்புறத் திரையில் நான்காவதைப் பார்த்ததும் எனக்குள் ஏற்பட்டது ஆனந்தம் என்றே சொல்ல வேண்டும். நல்ல வரி ஒன்று கைகூடும்போது வருமே, அதே ஆனந்தம். அதில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்பதுதான் பின்னால் என்னைத் தொந்தரவு செய்தது.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது எதிர்க்கோடியில் நீல அணிக்குக் கார்னர் கிடைத்தது. ஸ்டாப்பர்கள் உயரமானவர்கள் என்பதால் கார்னருக்கு முன்னே போவார்கள். எண் 4 என்னை விட்டு ஓடினான். சத்தம் கேட்டது. கோல். கூட்டம் உள்ளே பாய்ந்தது. நான் லென்ஸைத் திருப்பி எதையோ நாலைந்து தடவை அழுத்தினேன். நூறு மீட்டர் தூரம், இடையில் தூசி. யார் அடித்தது என்பதே ஒலிபெருக்கி சொல்லித்தான் தெரிந்தது. அவன்தான். தலையால். அந்த இறுதி ஆட்டத்தின் ஒரே கோல்.

மறுநாள் படம் வந்தது. என் பெயரும் வந்தது. கீழே, ஒக்கியில் தந்தையை இழந்த சோகம் மாறாமல் மைதானத்தில் கண்கலங்கிய வீரர் என்று மூன்று வரி. அவன் அணி 1-0 என்று வென்ற செய்தி பக்கத்திலேயே இருந்தது. கோலை அடித்தவனும் படத்தில் இருப்பவனும் ஒருவனே என்பது அதில் இல்லை. அந்த மூன்று வரியை நான் எழுதவில்லை. எழுதவில்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இரண்டு நாள் ஓடியது. பத்திரிகையை வெட்டி வைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில் மறைந்த கவிஞர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பத்தி அவருடைய வறுமையில் தொடங்கியது. வாடகை பாக்கி, கடைசி நாட்களின் ஆஸ்பத்திரி, வராத நண்பர்கள். அதன்பின் கவிதைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் கன்னத்தில் ஈரத்தைக் காட்டிக்கொண்டு போயிருந்தேன். நம் விமர்சனத்துக்கு இது பழக்கமான இருக்கை. எழுத்தாளனின் துன்பம் எந்தக் கோடியில் இருக்கிறதென்று முதலில் தெரிந்துகொண்டு அங்கே முக்காலியைப் போட்டுவிடுகிறோம். அவன் எதிர்க்கோடிக்கு ஓடி எதையோ சாதிக்கும்போது நம் லென்ஸுக்கு எட்டுவதில்லை. பாரதி பட்ட கஷ்டத்தை நாம் எழுதிய அளவுக்கு அவன் வாக்கியம் செய்த விதத்தை எழுதியிருக்கிறோமா? இதற்கு இரக்கம் என்று பெயர் வைத்திருக்கிறோம். படைப்பை எதிர்கொள்ளும் சிரமத்திலிருந்து இரக்கம் நம்மைக் காப்பாற்றிவிடுகிறது என்பதைச் சொல்வதில்லை. துன்பம் பொய்யல்ல. அந்தப் பையனின் அப்பா உண்மையாகவே வரவில்லை. ஆனால் அன்று மாலை அந்த மைதானத்தில் நடந்தது அதுவல்ல. நடந்தது ஒரு கோல்.

ஜூனில் அம்மாவும் பையனும் பாஸ்புக்கில் வரவு போட வந்தார்கள். அவன் என்னைப் பார்த்தான். அந்த அம்மாளும் என்னைப் பார்த்தாள். பார்வையை உடனே இறக்கிக்கொண்டாள். பத்திரிகைக்கு விஷயம் எப்படிப் போயிற்று என்று அவள் யோசித்திருக்க வேண்டும். பதில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "இருக்கட்டும் சார்" என்றாள். அந்த வார்த்தைக்கு மன்னித்தேன் என்று பொருள் இல்லை.

பையன்தான் பேசினான். "நான் கரையல்ல அண்ணா. கண்ணுல மண்ணு." அந்தப் பக்கத்தில் கரைவது என்றால் அழுவது. கோபமில்லை, ரெஃபரி தவறாக விசில் ஊதியதைச் சொல்கிற குரல். பிறகு, "நான் அடிச்ச கோல் கிட்டிச்சா?" என்றான்.

கிட்டவில்லை என்றேன். ஏன் என்று கேட்டான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன் என்றேன். "எல்லாரும் அங்கதானே இருந்தாங்க" என்றான். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவனிடம் சொல்லக்கூடிய பதில் அல்ல.

வீட்டுக்குப் போய்க் கடைசியாக அழுத்திய அந்த நாலைந்து படங்களைத் தேடினேன். ஒன்றில் எதிர்க்கோடியில் நீலச் சட்டைகளின் குவியல், விரல் நகத்தளவு. அதை மட்டும் பெரிதாக்கி அச்சிட்டேன். புள்ளி புள்ளியாக உடைந்துபோயிருந்தது. முகம் எதுவும் தெரியவில்லை. எந்தப் பத்திரிகையும் போடாது. அடுத்த முறை அவர்கள் வந்தபோது கொடுத்தேன்.

பையன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு சட்டையைக் காட்டி நீதானா என்று கேட்டேன். "இல்ல, இது எங்க கோல்கீப்பர். அங்கிருந்து ஓடி வந்தான். நான் அடியில கிடக்கேன்" என்று குவியலின் கீழே, ஒன்றுமே தெரியாத இடத்தில் விரலை வைத்தான். அம்மாவிடம் காட்டினான். அவளும் அந்த இடத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பாஸ்புக்கின் பிளாஸ்டிக் உறைக்குள் அதைப் பத்திரமாகச் செருகிக்கொண்டாள்.

போட்டி முடிந்ததும் அட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருந்தது. நான் தரவில்லை, கமிட்டியும் கேட்கவில்லை. கவிஞரைப் பற்றிய கட்டுரையின் இரண்டாவது பத்தியை அடித்துவிட்டேன். அதை எடுத்தபின் அவருடைய கவிதையைப் பற்றிச் சொல்ல என்னிடம் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது தெரிந்தது. கட்டுரை இன்னும் முடியவில்லை.