மே 15, நவம்பர் 1

எங்களூரில் உயர்தரம் எழுதி இசட் புள்ளி போதாமல் நின்றுவிடும் பிள்ளைகளுக்கு முன்னர் இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று கடையில் நிற்பது, மற்றது கட்டாருக்குப் போவது. மூன்றாவதாகக் கனடா வந்து சேர்ந்தது. படிக்கப் போவதாகச் சொன்னாலும் பலரது கண் படிப்பின் மேலல்ல, படிப்பு முடிந்தபின் கிடைக்கும் வேலை அனுமதியின் மேல்தான். இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. இரண்டு வருடப் படிப்புக்கு மூன்று வருட அனுமதி. அதில் ஒரு வருடம் தேர்ச்சி வேண்டிய தொழில் பார்த்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது கணக்கு.

என் ராத்தாவின் மகன் 2024 இல் போனான். மச்சான் ஓடாவி. மகன் உளி பிடிக்கக் கூடாது, கழுத்துப்பட்டி கட்ட வேண்டும் என்பது அவரது ஆசை. இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைத்தார். வாழ்க்கைச் செலவுக்கென்று காட்ட வேண்டிய தொகை அந்த வருடம்தான் 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராகக் கூடியிருந்தது.

ஏஜென்சிக்காரர் சேர்த்துவிட்ட இடம் ஒன்ராறியோவில் ஒரு தனியார் கல்லூரி. அரசாங்கக் கல்லூரியொன்றின் பாடத்திட்டத்தை வாங்கி நடத்துவது. சான்றிதழ் அரசாங்கக் கல்லூரியுடையது, வகுப்பறை தனியாருடையது. இத்தகைய இடங்களில் 2024 செப்டம்பர் 1 முதல் சேர்வோருக்கு வேலை அனுமதி இல்லையென்று ஜனவரியிலேயே அறிவித்திருந்தார்கள். ஏஜென்சிக்காரர் அதைத் தெரிந்துதான் ஜூன் வகுப்புக்குப் பதிந்தார். "செப்டம்பருக்கு முந்திச் சேர்ந்தா பிரச்சினையில்ல" என்றார். மார்ச்சில் அந்தத் திகதியை மே 15 க்கு முன்தள்ளிவிட்டார்கள். தரகுப்பணம் போய்விடுமென்றோ என்னவோ, அவர் அதை எங்களிடம் வாய் திறக்கவில்லை. மருமகன் ஜூனில் போய் வகுப்பில் உட்கார்ந்தான். கூடப் படித்த பஞ்சாபிப் பையன் சொல்லித்தான் விசயம் தெரிந்திருக்கிறது.

"மாமா, வேற கொலிஜுக்கு மாறினா சரிதானே?" என்று 2025 தொடக்கத்தில் ஒருநாள் கேட்டான்.

கல்வியமைச்சின் சுற்றுநிருபங்களோடு மல்லுக்கட்டிப் பழகியவன் நான். 'எத்திகதி முதல்' என்பதைத்தான் முதலில் தேடுவேன். தேடினேன். 2024 நவம்பர் 8 முதல் கல்லூரி மாறுவதற்குப் புதிய படிப்பு அனுமதி எடுக்க வேண்டும். நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பவர் பட்டப்படிப்பல்லாத படிப்பென்றால், அவர்களது பட்டியலிலுள்ள துறையில் படித்தால்தான் வேலை அனுமதி. மே 15 இலிருந்து தப்ப ஓடினால் நவம்பர் 1 இல் போய் விழ வேண்டும்! அவன் படித்த வணிக முகாமைத்துவம் பட்டியலில் இல்லை. ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறும் கேட்கிறார்கள், அது இரண்டு வருடத்தில் காலாவதியாகும். களஞ்சியசாலையில் பெட்டி தூக்கிய மணித்தியாலங்களைக் கனடா அனுபவமாகக் காட்டலாமென்று நம்பியிருந்தான். படிக்கும் காலத்தில் செய்த வேலை அந்த ஒரு வருடக் கணக்கில் சேராது.

தன் வாசலை எவ்வளவு திறப்பதென்பது அந்நாட்டின் உரிமை. வீட்டு வாடகை நெருக்கடியை இவனே சொல்வான், நிலக்கீழறையொன்றில் ஐந்து பேர். எனக்குக் கோபம் அந்தத் திகதியின் மேல்தான். பரீட்சைக் கட்டணம் கட்டிய பின் பாடத்திட்டத்தை மாற்றினால் எங்களூர்ப் பெற்றார் பாடசாலைக் கேற்றையே பூட்டிவிடுவார்கள். கடல் கடந்து போன பிள்ளை எந்தக் கேற்றைப் பூட்டுவான்?

பட்டியலை எடுத்துக்கொண்டு மச்சானின் பட்டறைக்குப் போனேன். விவசாயம், சுகாதாரம், விஞ்ஞானம், போக்குவரத்து என்று வாசித்துக்கொண்டு போய், கைத்தொழில்களின் கீழே தச்சுவேலை என்றதும் சீவுளியை நிறுத்தினார்.

"ஓடாவி வேலையா?"

"ஓம்."

"அதுக்கும் அங்க காசு கட்டணுமா?"

"கட்டத்தான் வேணும்."

"நான் இங்க சும்மா படிப்பிச்சிருப்பனே" என்றார்.

மருமகன் அரசாங்கக் கல்லூரியொன்றில் தச்சுவேலைக்கு இடம் எடுத்துவிட்டான். புதிய படிப்பு அனுமதிக்கு இன்னும் பதில் வரவில்லை. வயல் இந்தப் போகமும் ஈட்டில்தான்.