இறுதிக் குண்டு

தேர்வுக்குச் செல்லும் மாணவர்களுக்கு நான் இரு துப்பாக்கி வீரர்களைப் பற்றிச் சொல்வதுண்டு.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் நடுப்புள்ளியின் அளவு அரை மில்லிமீட்டரே. ஒரே குண்டு எஞ்சியிருக்க, இந்தியாவின் அபினவ் பிந்திராவும் பின்லாந்து வீரரும் சமநிலையில் நின்றனர். பிந்திரா 10.8 பெற்றுத் தங்கம் வென்றார்.

அங்கேயே, 50 மீட்டர் போட்டியில் முன்னணியில் நின்ற அமெரிக்கர் மேத்யூ எம்மன்சின் விரல், துப்பாக்கி குறிக்கு இறங்குமுன்னரே விசையில் பட்டுவிட்டது. கிடைத்தது 4.4; பதக்கம் பறிபோனது. ஆயினும் 2012இல் இலண்டனில் அதே போட்டியில் வெண்கலம் வென்றார்.

மதிப்பெண்ணை மறந்து, கண்முன் உள்ள வினாவை மட்டும் நோக்குக என்பேன். தவறினோர்க்கோ எம்மன்சையே காட்டுவேன். வகுப்பறையில் அவர்களே மிகுதி. நம் சொல்லுக்குக் காத்திருப்போரும் அவர்களே.