குன்றத்தூருக்குப் புதிதாய் வருவோருக்கு

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாங்களும் அதை நம்பித்தான் வளர்ந்தோம். கடை எங்கே, பேருந்து எத்தனை மணிக்கு, மருந்து எங்கே கிடைக்கும் என்று தெரியாவிட்டால் என்ன? கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் கேட்கிற வாய்க்கு அந்த ஊர் மொழியே தெரியாது என்றால்? இந்தக் கேள்வி சென்ற ஆண்டு வரை எங்கள் மனத்தில் எழுந்ததே இல்லை.

நம் பள்ளிக்குக் குன்றத்தூரிலிருந்து பேருந்தில் வரும் மாணவியருள் நாங்கள் நால்வர் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள். எங்கள் ஊரில் எங்களுக்குத் தெரியாத கடை இல்லை என்ற இறுமாப்பு எங்களுக்கு உண்டு. ஆகவே சமூக அறிவியல் வகுப்பில் சகோதரி அவர்கள், “உங்கள் ஊருக்குப் புதிதாக வருபவருக்குப் பயன்படும்படி ஒரு வழிகாட்டி எழுதி வாருங்கள்” என்று கூறியபோது, ஒரே மாலையில் எழுதி முடித்துவிட்டோம். வளையல் கடை, பானிபூரி வண்டி, பஜ்ஜிக் கடை, ஜெராக்ஸ் கடை, மலையடிவாரத்துப் பொம்மைக் கடைகள் என்று இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. அழகாக ஓரக்கோடு போட்டு வண்ணமும் தீட்டினோம்.

அந்தத் தாளை மறுநாள் நாங்கள் கொடுக்கவில்லை. காரணம், அன்றிரவு நடந்தது.

எங்களுள் ஒருத்தியின் வீட்டு மாடியில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியிருக்கிறது. கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஒரு வயதுப் பெண் குழந்தை. அந்த அக்காவுக்கு அப்போது தமிழில் “பால்”, “தண்ணி”, “எவ்ளோ” என்ற மூன்று சொற்கள்தாம் தெரியும். எங்களைப் பார்த்தால் புன்னகைப்பார். நாங்களும் புன்னகைப்போம். அத்துடன் சரி.

அன்று கணவருக்கு இரவு ஷிப்ட். நள்ளிரவுக்குப் பின் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. தொலைபேசியில் கணவர் கிடைக்கவில்லை. அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். எங்கள் கதவைத் தட்டவில்லை. பூட்டிய கடைகளின் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறார். ஓரிடத்தில் பச்சை நிறக் கூட்டல் குறியைக் கண்டு கதவைத் தட்டினாராம். அது பல் மருத்துவமனை. உள்ளே யாரும் இல்லை. பெரிய சாலை வரை சென்று திரும்பி, மீண்டும் சென்றிருக்கிறார். மூன்றரை மணிக்கு ஒரு தேநீர்க் கடையில் விளக்கு எரிந்தது. கடைக்காரர் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு சொல்லும் கேட்காமல் 108-ஐ அழைத்தார். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து குழந்தை நலமாக வீடு திரும்பியது. இறைவனுக்கு நன்றி!

காலையில் இதைக் கேட்டபோது எங்களுக்குப் பேச்சு எழவில்லை. அவர் கதவைத் தட்டாததற்கு யார் காரணம்? தட்டலாம் என்று நாங்கள் ஒரு நாளும் அவருக்கு உணர்த்தவில்லையே! வண்ணம் தீட்டிய எங்கள் வழிகாட்டியில் அந்தத் தேநீர்க் கடை இல்லை. 108 என்ற எண்ணும் இல்லை. தாளைக் கிழித்துவிட்டு, சகோதரியிடம் உண்மையைச் சொல்லி, மூன்று வாரம் தவணை கேட்டோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. “இந்த முறை உங்களுக்கு என்ன தெரியும் என்று எழுதாதீர்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்” என்றார்.

மூன்று சனிக்கிழமைகள் குறிப்பேடும் கையுமாக ஊரைச் சுற்றினோம். கடைகளின் பெயர்ப்படி எழுதுவதைவிட மணிப்படி எழுதுவதே பயன் தரும் என்று கண்டோம். அவ்வாறே இங்கும் தருகிறோம்.

விடியற்காலை மூன்றரை மணி. முதலில் திறப்பது தேநீர்க் கடை. ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டோம். “கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைங்க வெறும் வயித்தோட போகக் கூடாதும்மா” என்றார் கடைக்காரர். 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை வந்தது. பின்னர் திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் வேலை செய்வோர் பலர் எங்கள் ஊரில் வாடகைக்கு இருக்கிறார்கள். திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. “ஒரு கம்பெனி நின்னா முதல்ல தெரியறது என் பாய்லருக்குத்தான்” என்று அவர் சொன்னபோது, பாடநூலில் படித்த பொருளாதாரம் எங்களுக்குச் சட்டென்று விளங்கியது.

நாலரை மணி. பால் வரும், பூவும் வரும். குன்றின் மேல் முருகன் கோயில் இருப்பதால் எங்கள் ஊரில் பூக்கடைகளுக்குக் குறைவில்லை. எண்பத்து நான்கு படி ஏறிச் சென்று திருமணம் செய்துகொள்வோர் பலர். எனவே புதிதாய் வருவோரே, முகூர்த்த நாளில் மல்லிகையின் விலையைக் கேட்டு மனம் வருந்தாதீர்கள். அவசர வேலை இருந்தால் அன்று மலையடிவாரச் சாலைப் பக்கம் போகாதீர்கள். திருநாகேசுவரம் கோயில் ராகு தலம் ஆதலால், ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை அந்தப் பக்கமும் நெரிசல்தான்.

ஆறு மணி. மளிகைக் கடை அண்ணாச்சி கதவைத் திறப்பார். எங்கள் தெருவில் வீட்டு எண் கேட்டால் தபால்காரருக்கே குழப்பம். “அண்ணாச்சி கடைக்கு எதிர்ச் சந்து” என்றால் எல்லாருக்கும் புரியும். இது சிறிய செய்தி அன்று. 108-ஐ அழைத்தால் முதலில் கேட்பது, எங்கே வரவேண்டும் என்பதைத்தான். ஆகையால் புதிய ஊருக்கு வந்த அன்றே, வீட்டருகில் உள்ள ஓர் அடையாளத்தின் பெயரைத் தமிழில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். 108 சேவை நம் மாநிலத்தில் 2008-ல் தொடங்கியது, கட்டணம் கிடையாது. குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098, பெண்களுக்கு உதவி வேண்டுமென்றால் 181.

ஒன்பது மணி முதல் அரசு அலுவல்கள். எங்கள் ஊர் 2021-ல் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்தது. வட்டாட்சியர் அலுவலகமும் இங்கேயே உள்ளது. சான்றிதழ்களுக்கு இ-சேவை மையம் செல்லலாம். ஆனால் எங்களுக்கு வியப்பளித்தது நியாயவிலைக் கடைதான். அக்கா அரிசியை மளிகைக் கடையில் முழு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார். தம் அட்டை ஒடிசாவில் உள்ள மாமியாரிடம் இருக்கிறது, இங்கே பயன்படாது என்று எண்ணியிருந்தார். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். விசாரித்தபோதுதான், ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’த் திட்டம் தமிழகத்தில் 2020 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது என்று தெரிந்தது. மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டையாகவும், ஆதார் அதனோடு இணைக்கப்பட்டதாகவும் இருந்தால் போதும். இங்குள்ள கடையிலேயே கைரேகை வைத்துத் தம் பங்கை வாங்கலாம். மீதியை ஊரில் இருப்பவர் வாங்கிக்கொள்ளலாம். அக்காவின் கணவர் தம் அட்டை எண்ணுடன் சென்று விரலை வைத்தார். இயந்திரம் அவரை அடையாளம் கண்டுகொண்டது! அன்று மாலை அக்கா எங்களுக்கு அந்த அரிசியில் பாயசம் செய்து கொடுத்தார். பல மாதங்களாக அவருக்கு உரியதாக இருந்த ஒன்று, சொல்வாரின்றிக் கிடைக்காமல் போயிருந்தது.

பிற்பகல். இது கைத்தொழிலாளரின் நேரம். இஸ்திரி வண்டித் தாத்தா, மர நிழலில் செருப்புத் தைப்பவர், மாவு மில், சைக்கிள் கடை, சட்டையைப் பிரித்துப் பெரிதாக்கித் தரும் தையற்கார அக்கா ஆகியோரை இந்நேரத்தில் காணலாம். இவர்களில் பலருக்குப் பெயர்ப்பலகை இல்லை. கைப்பேசி வரைபடத்திலும் இல்லை. கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெண்களுக்கு ஒரு குறிப்பு: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பல்லாவரம், போரூர், பூந்தமல்லி செல்ல வேண்டுமானால் சற்றுக் காத்திருந்து அந்தப் பேருந்தில் ஏறுங்கள்.

இரவு பத்து மணி. பெரும்பாலான கடைகள் மூடும் நேரம். ஆகவே காய்ச்சல் மருந்தும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் பகலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்துச் செலவு மிகுதி என்று வருந்துவோர், மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் ஆகியவற்றின் பலகையை எங்கே கண்டாலும் குறித்துக்கொள்ளலாம். மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரக் கேளுங்கள். அதே மருந்து அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

மணிக் கணக்கில் அடங்காத செய்தி ஒன்று உண்டு. அது மழை. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நீர்மட்டம் உயர்ந்து உபரி நீர் திறக்கப்பட்டால் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை என்று எச்சரிக்கை வரும். 2015 டிசம்பர் வெள்ளம் வந்தபோது நாங்கள் மிகச் சிறியவர்கள். ஆனால் அந்த நாட்களில் காசு கேளாமல் பாலும் மெழுகுவத்தியும் கொடுத்தவர் யார் என்று எங்கள் அன்னையர் இன்றும் சொல்வார்கள். அன்று முதல் வேறு கடையில் ஒரு ரூபாய் குறைவு என்றாலும் அவர்கள் கடை மாற்றுவதில்லை.

இவற்றையெல்லாம் எழுதி முடித்தபோது, தமிழாசிரியை ஒரு செய்தியை நினைவூட்டினார். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்தது எங்கள் குன்றத்தூரில். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ மன்னனின் அமைச்சராக இருந்த அவர், அரண்மனையைப் பற்றி மட்டுமா எழுதினார்? குயவரான திருநீலகண்டர், துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், எண்ணெய் ஆட்டிய கலியர், நெசவு செய்த நேசர் ஆகியோரின் வரலாறுகளையும் எழுதி வைத்தார். அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘திருத்தொண்டர் புராணம்’. எங்கள் ஊர்க்காரர் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே உழைப்பாளரின் தொண்டைப் போற்றி எழுதியிருக்க, நாங்கள் பானிபூரி வண்டியோடு நின்றுவிட்டோமே என்று வெட்கப்பட்டோம். விடியற்காலையில் ஒரு சொல்லும் கேட்காமல் தொலைபேசியை எடுத்த அந்தத் தேநீர்க் கடைக்காரர் செய்தது தொண்டு அல்லாமல் வேறு என்ன?

வழிகாட்டியைச் சகோதரி திருத்திக் கொடுத்தார். தமிழில் நாங்கள் எழுதினோம். இந்தியில் ஓர் ஆசிரியை எழுதி உதவினார். ஒடியாவில் அக்காவே எழுதினார். அந்த வட்ட வட்ட எழுத்துகளை அவர் எழுதுவதைச் சுற்றி அமர்ந்து பார்த்தோம். எங்கள் நால்வர் பெயரையும் அம்மொழியில் எழுதிக் காட்டினார். மூன்று மொழித் தாளில் ஒன்று தேநீர்க் கடையிலும் மற்றொன்று அண்ணாச்சி கடையிலும் இப்போது ஒட்டப்பட்டுள்ளது.

அத்தாளில் முதல் வரியாக எதை எழுதுவது என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. 108 என்றாள் ஒருத்தி. நியாயவிலைக் கடை என்றாள் மற்றொருத்தி. இறுதியில் அக்காவிடமே கேட்டோம். அவர் சற்று யோசித்து, தாம் புதிதாகக் கற்ற தமிழில், “கதவு தட்டு” என்றார்.

அதுவே முதல் வரியாயிற்று: “எந்த நேரமானாலும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.”

அன்புத் தோழியரே, உங்கள் தெருவிலும் மொழி தெரியாத ஒரு குடும்பம் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். அதற்கு முன், உங்கள் கதவு எது என்று அவர்களுக்குக் காட்டிவிடுங்கள்.