பத்திரிகையில் இருந்த பெயர்

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. தொண்ணூறுகளில் ஒரு மார்கழிக் காலையில் வக்கீலான என்னிடம் வந்த பெண்ணும் அப்படியொரு வீட்டு மருமகள். இடுப்பில் கைக்குழந்தை, மஞ்சள் பையில் தீர்ப்பு நகல். கணவர் ராணுவத்தில் நாயக், லடாக்கில் இருந்தார். அவர் பேரில் இருந்த 60 சென்ட் நிலம் தனக்குத்தான் என்று அவருடைய பெரியப்பா வழக்குப் போட்டு, பிரதிவாதி வராமலே எக்ஸ்பார்ட்டி டிகிரியும் வாங்கியிருந்தார்.

"சம்மன் வரலையாம்மா?"

"கதவுல ஒட்டிட்டுப் போயிருக்காங்க சார். நான் பிரசவத்துக்கு அம்மா வீட்ல இருந்தேன். செலவுத் தொகைக்கு அவரு சம்பளத்தைப் பிடிச்சுடுவாங்களா சார்?"

அந்தப் பயத்தை முதலில் போக்கினேன். படைவீரரின் சம்பளத்தை எந்தக் கடன் டிகிரிக்கும் ஜப்தி செய்ய முடியாது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் 28ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

வழக்குக் கட்டைப் பார்த்தேன். பிராதில் பிரதிவாதியின் தொழில் 'விவசாயம்'. அந்த ஒரு சொல்தான் எல்லாக் கேட்டுக்கும் காரணம். எதிராளி சிறப்புச் சூழலில் பணியாற்றும் படைவீரர் என்று தெரிந்தால், அதைப் பிராதிலேயே சொல்ல வேண்டும் என்கிறது 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர் வழக்காடல் சட்டம். சொல்லியிருந்தால், அவர் சார்பில் ஆளில்லாத வழக்கை நிறுத்திவைத்து நீதிமன்றம் ராணுவத்துக்கு எழுதியிருக்கும். சம்மனும் கமாண்டிங் ஆபீசர் வழியாகப் போயிருக்கும்.

தெரியாமல் எழுதிவிட்டேன் என்பார் பெரியப்பா. வீட்டிலுள்ள காகிதம் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் ஒரு தகரப் பெட்டியே வந்தது. 56 ஏ.பி.ஓ. முகவரி போட்ட இன்லண்ட் கடிதங்களுக்கு அடியில், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. மணமகன் பெயருக்குக் கீழே 'இந்திய ராணுவம்' என்று அச்சாகியிருந்தது. தகப்பன் இல்லாத பிள்ளை என்பதால் அழைப்பவர் பெயர் பெரியப்பாவுடையது.

அந்த 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்கீழ் டிகிரியை ரத்து செய்ய மனுப் போட்டேன். மனைவியே வழக்கை நடத்த, கமாண்டிங் ஆபீசர் முன்னிலையில் கையெழுத்திட்டுக் கணவர் அதிகாரம் எழுதிக் கொடுத்தார். அதுவும் பணிச் சான்றும் தபாலில் வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனு, அதாவது ஈ.பி., வந்துவிடுமோ என்று எனக்குச் சரியான தூக்கமில்லை.

விசாரணை நாளில் பத்திரிகையை நீதிபதியிடம் கொடுத்தேன். மெதுவாகப் படித்துவிட்டு, "இது உங்க பேர்தானே?" என்று பெரியப்பாவைக் கேட்டார். "ஆமாங்க" என்றார். டிகிரி அன்றே ரத்தானது.

மூல வழக்குக்குக் கணவரே 60 நாள் லீவில் வந்தார். லீவுச் சான்றிதழைக் கொடுத்தால், கூடுமானவரை அந்த லீவுக்குள் வழக்கை முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது ராணுவச் சட்டம் 32ஆம் பிரிவு. வாய்தா கேட்ட எதிர்த்தரப்பு வக்கீலிடம் நீதிபதி அந்தச் சான்றிதழைத்தான் காட்டினார். 52ஆம் நாள் பெரியப்பாவின் வழக்கு தள்ளுபடியானது. மறுவாரம் நாயக் ரயிலேறினார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை எல்லையில் இருக்கும்போது சம்மன் வந்தால், முதல் வாய்தாவிலேயே அவர் படைவீரர் என்பதை எழுத்தில் கொடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் கலெக்டரிடம் மனுக் கொடுங்கள். நீதிமன்றத்துக்கு எழுத அவருக்கு அதே 1925ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது.