கல்லைக் கண்டால் கோட்டைப் பார்!

காங்கேயம் என்றதும் உங்களுக்குக் காளைதானே ஞாபகம் வரும்? எனக்கு இப்போதெல்லாம் கல்! மழை ஓய்ந்ததும் அந்தப் பக்கம் காட்டில் சிலர் குனிந்தபடியே நடப்பார்கள். கூன் இல்லை ஸார், கல் பொறுக்குகிறார்கள். பக்கத்துப் படியூரில் 19-ம் நூற்றாண்டிலேயே அக்வாமரின் வெட்டினார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் சங்க காலத்திலேயே கல்மணிப் பட்டறை இருந்ததை அகழாய்வில் கண்டார்கள்.

டீக்கடையில் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து, நீலம் என்று நினைத்துப் பார்த்தால் நீலமாகத் தெரிந்த ஒரு பட்டைக் கல்லைக் காட்டினார். "அசல் அக்வாமரினுங்க, எட்டாயிரம்!" கூட வந்த நண்பரின் கை பர்ஸுக்குப் போய்விட்டது. ஆபீஸில் வாங்கிய தீபாவளி அட்வான்ஸ் மொத்தமும் அதில்தான்!

"கண்ணாடில கீறிப் பாருங்க" என்றார் விற்க வந்தவர். கீறியது. கீறாமல் என்ன செய்யும்? கண்ணாடியின் கடினம் சுமார் 5.5, சாதாரண வெங்கச்சங்கல்லே 7. அக்வாமரின் 7.5-லிருந்து 8. இரண்டுமே கோடு போடும்!

பெஞ்சிலிருந்த பெரியவர் கல்லை வாங்கி வெயிலில் திருப்பினார். "ரெண்டுக்குமே ஆறு பட்டைதானுங்க தம்பி. பட்டை மேல கோடு எப்படி ஓடுதுன்னு பாருங்க. நெடுக்கால ஓடுனா அக்வாமரின். தலையும் பெரும்பாலும் மொட்டையா இருக்கும். குறுக்கால ஓடி, தலை கூம்பியிருந்தா வெங்கச்சங்கல்லுங்க."

நண்பர் கல்லைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். குறுக்குக் கோடுகள். சீவின பென்சில் மாதிரி தலை.

விற்க வந்தவர் அசரவில்லை. "சரி, இருநூறு குடுங்க!"